ஜாமீன் செடி

அந்தப் படம் வந்தபோது பல்செட்காரர் ஒரு மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். மோட்டாரை நிறுத்தி, விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். அனுப்பியவர் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். சகலை எடுக்கும் எல்லாப் படங்களையும் போல இதுவும் மங்கல். ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் வேறு. நடுவில் ஒரு பொடி இலை. இலைக்கு அடியிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு தண்டு. தண்டின் நுனியில் கடுகில் கால்வாசிக்கு ஒரு புள்ளி.

"அண்ணே, நம்ம ஓசியில காஞ்ச நூலு மாதிரி என்னமோ வந்திருக்கு. நுனியில ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு. பூச்சியா? வெட்டி எறிஞ்சிடவா?" என்று கீழே எழுதியிருந்தது.

பூச்சியாம்! பல்செட்காரர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். சிறிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். எப்படிப் பார்த்தாலும் அது மொட்டுதான். நான்கு வருடமாகத் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவர் தேடுகிற மொட்டு, தேடித் தேடிக் காணாத மொட்டு, ஒன்றும் தெரியாத ஒரு மனிதரின் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தது. வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, காலையில் சாப்பிட்டது தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

ஓசி என்பது ஒரு ஆர்க்கிட் செடி. உயரமான மலைகளில், மேகம் மரங்களுக்கு நடுவே புகுந்து போகிற காடுகளில், கிளைமேல் படிந்த பாசியைப் பிடித்துக்கொண்டு வாழும் குட்டி ஆர்க்கிட்டுகளில் ஒன்று. இவற்றில் சில முழுச் செடியாகவே ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கிவிடும். அளவுதான் பொத்தான், கெடுபிடி அப்படியில்லை. வெயில் ஆகாது, வெக்கை ஆகாது, காற்று நின்றால் ஆகாது, குழாய்த் தண்ணீர் பட்டால் கோபித்துக்கொண்டு செத்தே போகும். மாப்பிள்ளை முறுக்கு என்பார்களே, அது செடிக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு செடியை வாங்கியபோது, அதைக் கட்டியிருந்த மரப்பட்டையின் மூலையில், பாசிக்குள் ஒளிந்துகொண்டு இரண்டே இலையோடு வந்து சேர்ந்தது இது. டிக்கெட் எடுக்காமல் வந்ததால் 'ஓசி' என்று சீட்டு எழுதிச் செருகினார். இந்தப் பைத்தியம் பிடித்த முப்பது நாற்பது பேர் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே படம் போட்டுக் கேட்டதற்கு ஒருவருக்கும் என்ன செடி என்று சொல்லத் தெரியவில்லை. பூத்தால்தான் தெரியும் என்றார்கள். அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு வெறியாகிவிட்டது. ஓசியின் முதல் பூ தன் வீட்டில், தன் கண்முன், தன் பூதக்கண்ணாடிக்குக் கீழே மலர வேண்டும். குழுவிடம் சொல்லிவிட்டார், மனைவியிடம் சொல்லிவிட்டார், அளவு கொடுக்க வரும் பல் டாக்டர்களிடம்கூடச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் சகலை வீட்டுக்கு ஓசி எப்படிப் போனது என்றால், அதற்குக் காரணம் குளிர். இந்தச் செடிகளுக்குப் பதினெட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது, பதினொன்றுக்குக் கீழே இறங்கக் கூடாது. சாதாரண வீட்டில் அது நடக்கிற காரியமா? சகலை ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். கடைகளில் குளிர்பானம் வைப்பார்களே, முன்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ், அப்படி ஒதுக்கிப்போட்ட இரண்டை எங்கிருந்தோ கொண்டுவந்து, உள்ளே இருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு வேறொரு கருவி பொருத்தி, சின்ன ஃபேன், பனிப்புகை விடுகிற பெட்டி, விளக்கு எல்லாம் வைத்து ஒரு மேகக்காட்டையே அடைத்துக் கொடுத்துவிட்டார். ஒன்று இவருக்கு. "இன்னொண்ணு சும்மாதான கிடக்கு அண்ணே, நானும் ஒரு செடி வெச்சுப் பாக்கறேனே" என்றார். ஒரு நன்றிக்காவது ஏதாவது கொடுக்க வேண்டாமா?

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அரிய செடி கையில் இருந்தால் அதில் ஒரு துண்டைப் பிரித்து நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுத்து வைப்பார்கள். நம் வீட்டில் செத்துப்போனால் அங்கிருந்து ஒரு துண்டு திரும்பி வரும். இதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ஜாமீன். பல்செட்காரர் அதையே சாக்காக வைத்து, பதினொரு இலை இருந்த ஓசியில் மூன்று இலையைப் பிரித்துச் சகலைக்கு ஜாமீன் கொடுத்தார். மூன்றில் ஒன்று கிழிசல். இருப்பதிலேயே நோஞ்சானாகப் பார்த்துத்தான் பிரித்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை அவருக்குச் சாதகமாகப் போய்விடும்.

அந்த நோஞ்சான்தான் இப்போது மொட்டு விட்டிருக்கிறது.

இந்த வகைச் செடியின் பூந்தண்டு பார்ப்பதற்குச் செத்தது போலத்தான் இருக்கும். ஆனால் அதே தண்டில் ஒன்று உதிர்ந்தால் ஒன்றாக வருடக்கணக்கில் பூ வரும். பூ உதிர்ந்த பிறகும் வெட்டக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் குழுவில் இதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவரே நம் பல்செட்காரர்தான். அப்பேர்ப்பட்டவர் கைபேசியை மேசைமேல் வைத்தார். பல்செட்டைத் தண்ணீரில் கழுவினார். எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். மாமியார் 'ஏசி மாப்பிள்ளை' என்று சொல்லும்போது முகம் மலர்வதும், 'பல் மாப்பிள்ளை' என்று சொல்லும்போது ஒரு பெருமூச்சு சேர்ந்து வருவதும் ஞாபகம் வந்தது. இப்படிப் பதினொரு நிமிடம் கழிந்தது. கோபத்தில் கை முந்திக்கொண்டது என்று சொல்ல வழியில்லை.

"அது அழுகல். விட்டா செடி பூரா பரவும். உடனே வெட்டிடுங்க. இனிமே எது வந்தாலும் உடனுக்குடனே வெட்டிடுங்க" என்று அனுப்பினார்.

"நல்லவேளை உங்களைக் கேட்டேன்" என்று பதில் வந்தது.

மோட்டாரைப் போட்டு மறுபடி மெருகில் உட்கார்ந்தார். கவனம் எங்கேயோ இருந்தது. கோரைப்பல்லை முக்கால்வாசி தேய்த்த பிறகுதான் பார்த்தார். அந்தப் பல்லைப் பெயர்த்தெடுத்து வேறு பல் வைக்க அன்று மாலைவரை ஆனது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ள வேண்டுமென்று இரண்டு குடும்பமும் சகலை வீட்டில் சேர்ந்தது. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. திறந்துபோட்ட கம்ப்ரஸர்கள், சுருள் சுருளாகச் செப்புக் குழாய். வாஷிங் மெஷினுக்கும் செருப்பு அலமாரிக்கும் இடையில் அந்த ஃபிரிட்ஜ் நின்றது. அடித்தட்டில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர்.

"என்ன தண்ணி இது, சகல?"

"ஏசியில இருந்து சொட்டற தண்ணிதாண்ணே. வேலைக்குப் போற எடத்துல எல்லாம் பிடிச்சுட்டு வந்துடுவேன். அதுல உப்பே இருக்காதுல்ல?"

பல்செட்காரர் தன் வீட்டுச் செடிகளுக்குக் கேன் கேனாகச் சுத்திகரித்த தண்ணீர் வாங்கி ஊற்றுகிறவர். சாக்கடைக்குப் போக வேண்டிய தண்ணீரை ஊற்றியே இந்த மனிதர் வளர்க்கிறார் என்றால் என்ன அர்த்தம்? குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். ஓசி தளதளவென்றிருந்தது. எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தார். எண்ணினார். இருபத்தாறு இலை. வீட்டில் இருக்கிற தாய்ச்செடிக்கு ஒன்பது.

"கண்ணு வெச்சுடாதீங்க அண்ணே" என்று சகலை சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

பிறகு ஃபிரிட்ஜின் மேலிருந்து மருந்து வரும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து நீட்டினார். "நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு விடாம வெட்டிட்டேன். தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்ககிட்ட காட்டிடலாம்னு எடுத்து வெச்சேன். இது அந்த அழுகல்தான?"

பல்செட்காரர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தார். குப்பிக்குள் ஏழு தண்டுகள். ஏழின் நுனியிலும் மொட்டு. ஒன்றில் மொட்டு விரியவே தொடங்கியிருந்தது. காய்ந்து சுருங்கிய பிறகும் செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. அந்த நிறத்தை உலகத்தில் வேறு யாரும் இன்னும் பார்த்ததில்லை. அவர் மனசுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம், போதும் என்றது. அதற்குள் சகலையின் மனைவி டீ கொண்டுவந்து, "மாமா, இவருக்கு இப்ப செடிதான் எல்லாம். உங்களை மாதிரியே ஆயிட்டார். ஆனா இவர் கை ராசி பாருங்க, எப்படி வந்திருக்கு!" என்றாள்.

"அழுகல்தான்" என்றார் பல்செட்காரர். "வெளிய கொட்டிடுங்க."

அடுத்த மாதம் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பதினாறில் இருக்க வேண்டிய குளிர் பத்தொன்பது ஆயிற்று, பிறகு இருபத்தொன்று. கம்ப்ரஸர் விடாமல் ஓடியும் குளிரவில்லை. குட்டிச் செடிகளில் இரண்டு இலையைத் தொங்கப் போட்டுவிட்டன.

"தம்பிக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க" என்றாள் மனைவி; தங்கை கணவர் அவளுக்குத் தம்பி. அவள் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு வேலையை இரண்டு தரம் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

ஒரு ஃபோன் போட்டால் போதும், சகலை அரைமணியில் ஓடி வந்துவிடுவார். வருவார், கதவைத் திறப்பார், தாய்ச்செடியைப் பார்ப்பார். அதில் மொட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்பதைப் பார்ப்பார். "அண்ணே, உங்களோடது ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?" என்று அக்கறையாகக் கேட்பார். அந்த அக்கறையை நினைத்தாலே பல்செட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டேன். அவருக்கு இந்த வாரம் நேரமில்லையாம்" என்று கூசாமல் சொன்னார். பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அந்த மெக்கானிக் வந்தார், பார்த்தார், கேஸ் கசிகிறது என்று கண்டுபிடித்து அடைத்து, புதிதாகக் கேஸ் ஏற்றினார். கெட்டிக்காரர்தான். கெட்டிக்காரர் என்பதால் இன்னொன்றும் கண்டுபிடித்தார். "யாரும்மா இதைப் பதினாறுல வெச்சது? குளிர்பானம் வெக்கிற ஃபிரிட்ஜ், இதுல பதினாறு வெச்சா வெதுவெதுன்னுல்ல இருக்கும்? ஒயரிங் எல்லாம் சுத்தமா பண்ணியிருக்கார், இதை மட்டும் கோட்டை விட்டுட்டார்" என்று வருத்தப்பட்டு, சகலை பொருத்திய கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பெனியில் வரும் தெர்மோஸ்டாட்டையே மாட்டி, கடைசிப் புள்ளிவரை திருகி வைத்துவிட்டுப் போனார். ஃபிரிட்ஜுக்குள் செடி இருப்பதை, வீட்டில் கீரை வைப்பது போல என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. மனைவி ஆஸ்பத்திரி கிளம்புகிற அவசரத்தில் இருந்தாள். அன்று மாலை பல்செட்காரர் வந்து கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. அப்பாடா என்று போய்ப் படுத்தார்.

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்தார். கண்ணாடிக்கு உட்பக்கம் வெள்ளையாக உறைந்திருந்தது. கதவைத் திறந்தால் மேல்தட்டுப் பாசி கல்லாகியிருந்தது. கீழ்த்தட்டில் இருந்தவை எப்படியோ தப்பித்திருந்தன. ஓசிக்கு என்று அவர் ஒதுக்கியிருந்தது உள்ளதிலேயே நல்ல இடம், மேல்தட்டின் நடு, குளிர்காற்று நேராக வந்து விழுகிற இடம். ஒன்பது இலையும் வெந்தது போலக் கண்ணாடியாகி, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தன.

அந்தச் செத்த இலைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர் அழுதார். மனைவிக்கு அதைப் பார்த்துத் தாங்கவில்லை. உள்ளே போய்த் தங்கைக்கு ஃபோன் போட்டாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"தம்பிகிட்ட நீங்க கேக்கவே இல்லையாம். இந்த வாரம் பூரா வீட்டுலதான் இருந்திருக்கார்."

அவள் எதையோ எடுத்து மடித்து வைத்துக்கொண்டது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

சகலை அரைமணியில் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் கருவிப் பை, மறு கையில் மருந்துக்கடையில் கொடுக்கிற சின்ன ஐஸ் பெட்டி. முதலில் ஃபிரிட்ஜைப் பிரித்துத் தன் கருவியை மறுபடி மாட்டி, குளிர் பதினாறில் வந்து நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஈரப் பஞ்சுக்கு நடுவே ஒரு மரப்பட்டை. அதில் ஓசி, பதினைந்து பதினாறு இலையோடு.

"பாதிக்கு மேல பிரிச்சுட்டு வந்துட்டேன். நல்ல பாதி உங்களுக்குத்தான். ஜாமீன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்றார். பல்செட்காரர் வாய் திறப்பதற்குள், "அப்புறம் அண்ணே, நேத்து ஒரு தண்டு புதுசா வந்துச்சு. இதை மட்டும் நான் வெட்டலை. என் கத்திரி மொக்கை, ஒவ்வொரு தடவையும் பக்கத்து இலையையும் கடிச்சுடுது. உங்க கத்திரிதான் சன்னம். நீங்களே வெட்டிடுங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

இலைக்கு அடியில் தலைமுடி போல ஒரு தண்டு. நுனியில் புள்ளி.

"சரி, பாத்துக்கறேன்" என்றார் பல்செட்காரர். தலையை நிமிர்த்தவில்லை. செடி போன துக்கத்தில் அப்படிப் பேசுகிறார் என்று நினைத்துச் சகலை அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பன்னிரண்டு நாள் அவர் அந்த மொட்டோடு குடும்பம் நடத்தினார். பதின்மூன்றாம் நாள் காலை அது விரிந்தது. அரிசியில் பாதி இருக்கும். செம்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பாக இரண்டு மடல், விளிம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ரோமம். குழுவில் படம் போட்டார். பாராட்டுகள் குவிந்தன. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் படித்தார். படித்து முடித்த பிறகு ஏதோ குறைந்தது போலவே இருந்தது. என்ன குறைகிறது என்று அவருக்கே தெரிந்தது. சகலை இதைப் பார்க்க வேண்டும். பார்த்து, அந்த முகம் ஒரு நொடியாவது சுருங்க வேண்டும். இவர் இத்தனை நாள் எரிந்ததில் கால் பங்காவது அவர் எரிய வேண்டும். அதைப் பார்க்காமல் பூ முழுசாகப் பூத்த மாதிரி இல்லை.

அடுத்த நாளே தங்கை குடும்பத்தை வரச் சொன்னார்.

சகலையின் மனைவி முதலில் பார்த்தாள். "எங்க மாமா? இதுவா? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்!" என்று சிரித்துவிட்டு அக்காவிடம் போனாள். பிறகு சகலை பூதக்கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு முழங்கால் போட்டார். பல்செட்காரர் பூவைப் பார்க்கவில்லை. சகலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சகலை மூச்சு விடவே மறந்தவர் போல இருந்தார். "யப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "யப்பா" என்றார். கண்ணாடியை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "அண்ணே, நாலு வருஷம்! நாலு வருஷம் காத்துக்கிட்டு இருந்தீங்களே அண்ணே! நேத்து பூத்துடுச்சுன்னு நீங்க சொன்னதுல இருந்து எனக்குச் சோறே இறங்கலை, அவ்வளவு சந்தோஷம்" என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பல்செட்காரர் அந்த முகத்தில் தேடாத இடமில்லை. ஒரு சுருக்கம்? ஒரு நிழல்? ஒன்றுமே இல்லை. இன்னொருவர் வீட்டில் பூத்த பூவைப் பார்த்து ஒரு மனிதர் மனசார மகிழ்ந்துகொண்டிருந்தார். தனக்கு இப்படி ஒருநாளும் முடியாது என்பது பல்செட்காரருக்கு உறைத்தது. இலை, மொட்டு, கை ராசி, மாமியாரின் சிரிப்பு எல்லாவற்றுக்கும் மேலே, இந்தச் சந்தோஷத்தின்மேல் அவருக்கு வந்தது பொறாமை. இதுவரை பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்த எரிச்சலில்தான் வாயைத் திறந்தார். மனம் திருந்தி அல்ல.

"சகல, அந்தத் தண்டைப் பாத்தீங்களா? எதுல பூத்திருக்குன்னு பாத்தீங்களா?"

சகலை மறுபடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "அட, அந்த நூலு! நான் வெட்டிட்டே இருந்தேனே, அதா? அப்ப அது அழுகல் இல்லையா?"

"இல்லை. மொட்டு. ஏழும் மொட்டு."

"அய்யய்யோ, ஏழு பூவை வெட்டிட்டேனா!" சகலை தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என் படம் அப்படிண்ணே. நான் எடுக்கிற லட்சணத்துக்கு அதைப் பாத்து யாரா இருந்தாலும் அழுகல்னுதான் சொல்லுவாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

"படத்துல எனக்கு நல்லாத் தெரிஞ்சது. குப்பியிலயும் தெரிஞ்சது. தெரிஞ்சேதான் வெட்டச் சொன்னேன்."

சகலை ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க ஒண்ணு! நான் வருத்தப்படக் கூடாதுன்னு பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கறீங்களாக்கும். எனக்குத் தெரியாதா உங்களை? ஏய், இங்க வந்து கேளு, அண்ணன் அடிக்கிற ஜோக்கை!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவளும் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

பல்செட்காரரின் மனைவி கதவருகில் நின்றிருந்தாள். கையில் டீ தட்டு. அவள் சிரிக்கவில்லை.

தட்டை மேசைமேல் வைத்தாள். "தம்பி, அந்த ஐஸ் பெட்டி வண்டியிலதான இருக்கு? எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு அண்ணி?"

"இந்தச் செடியைப் பூவோட உங்களுக்கே குடுக்கணும்னு இவர் நினைச்சுட்டு இருந்தார். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னதே." கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்களா?"

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விடும்போது, அசையாதீங்க என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள், பார்ப்பாள். அந்தப் பார்வை.

"ஆமா" என்றார் பல்செட்காரர்.

"முதல் பூவையா? எனக்கா?" சகலை வேண்டாம் வேண்டாம் என்று நான்கு தரம் சொன்னார். பெட்டியை எடுத்து வர ஓடும்போது கூடத்து நாற்காலியில் இடித்துக்கொண்டார். பல்செட்காரர் தன் கையாலேயே ஓசியை எடுத்து, இதழ் எதிலும் படாமல் ஈரப் பஞ்சுக்கு நடுவே வைத்து, மூடியை மூடிக் கொடுத்தார். ஒரு பொடி இலைத்துண்டுகூட இவருக்கென்று பிரித்து வைக்கவில்லை. மனைவி பக்கத்திலேயே நின்றாள்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை சகலையின் குரல் கேட்டது. "எங்கண்ணன் மனசு யாருக்கு வரும், சொல்லு!"

உள்ளே மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஏழு" என்றாள், திரும்பாமல்.

"ஏழு" என்றார் அவர்.

அதற்குமேல் அன்று அந்த வீட்டில் பேச்சில்லை. ஆனால் வெளியே பேச்சு பலமாக இருந்தது. முதல் பூவைச் சகலைக்குத் தூக்கிக் கொடுத்த செய்தி குழுவுக்குப் போய், அங்கிருந்து மாமியாருக்கும் எப்படியோ போய், வாழ்நாளில் முதல்முறையாக மாமியார் ஃபோனில் கூப்பிட்டு, "பெரிய மாப்பிள்ளைக்குப் பெரிய மனசு" என்று பெருமூச்சு விடாமல் சொன்னார். பல்செட்காரர் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து ஒரு கீழ்வரிசைப் பல்செட்டுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தபோது படம் வந்தது. மோட்டாரை நிறுத்திக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கட்டைவிரல் ஓரத்தில் அப்படியே இருந்தது. ஆனால் படம் கொஞ்சம் தெளிவு; பூதக்கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டார் போலிருக்கிறது.

"அண்ணே, பூ இன்னிக்குக் காலையில உதிர்ந்துடுச்சு. ஒம்பது நாள் இருந்துச்சு. தண்டு மட்டும் காஞ்ச நூலு மாதிரி நிக்குது. பூத்து முடிஞ்சதுதான, இப்ப வெட்டிடலாமா? நீங்க சொன்னா சரி."

படத்தைப் பெரிதாக்கினார். உதிர்ந்த இடத்துக்கு ஒட்டினாற்போல, ஊசிமுனை அளவுக்கு, அடுத்த மொட்டு. பக்கத்து இலையில் இன்னொரு தண்டு புறப்பட்டிருந்தது. செருகியிருந்த சீட்டில் 'ஓசி' என்று பெரிதாகவும், அதன் கீழே 'அண்ணன் கொடுத்தது' என்று சின்னதாகவும் எழுதியிருந்தது.

பட்டறையில் அவரைத் தவிர யாருமில்லை. எதை எழுதினாலும் சகலை நம்புவார். இந்த முறையும் அவர் உடனே பதில் எழுதவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார்.

"வெட்டாதீங்க" என்று அடித்தார். அனுப்பினார். பிறகு, "அது காஞ்சது இல்லை. அதே தண்டுலதான் திரும்பத் திரும்பப் பூக்கும். வருஷக்கணக்கா பூக்கும்" என்று இன்னொன்றும் அனுப்பினார்.

"அப்படியா அண்ணே!! நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்!" என்று உடனே பதில் வந்தது.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். வயிறு அன்றைக்கு எரிந்த மாதிரியேதான் எரிந்தது. மோட்டாரைப் போட்டு, கடைவாய்ப் பல்லிலிருந்து மெருகு போட ஆரம்பித்தார். கோரைப்பல் வந்தபோது மட்டும் கையை மெதுவாக்கிக்கொண்டார்.